எங்கள் வீட்டு வால்வு ரேடியோ



டிரான்சிஸ்டர் 1947-ல் தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னும், பின்னும் பல வருஷங்கள், ரேடியோவுக்குள் இருந்தவை வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்கள். சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி ஆனோடுக்குப் போகும். நடுவில் இருக்கும் கம்பி வலைக்குக் கிரிட் என்று பெயர். அதில் கொடுக்கும் சின்ன சிக்னல்தான் பெரிய சத்தமாக வருகிறது.

எங்கள் தாத்தாவிடம் அப்படி ஒரு ரேடியோ இருக்கிறது. கூடவே தபால் ஆபீஸ் முத்திரை குத்திய லைசென்ஸ் புத்தகமும்! அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அதை நிறுத்தினார்கள். தூத்துக்குடிக்குச் சென்னையை விடக் கொழும்புதான் பக்கம். மீடியம் வேவ் அலை கடல் தண்ணீர் மேல் நன்றாகப் பரவும். அதனால் இலங்கை வானொலி நம்ம ஊரில் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்குமாம். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டேதான் இட்லி அவிப்பாளாம்.

ரேடியோ பாடி ரொம்ப வருஷமாச்சு. ஒரு வியாபாரி வந்து 3,000 ரூபாய்க்குக் கேட்டார். உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, புளூடூத் ஸ்பீக்கர் வைத்து விற்பாராம். அம்மாவுக்குச் சம்மதம். தாத்தா ஒன்றும் பேசவில்லை. நான்தான், "அரையாண்டு லீவு முடியட்டும்மா. அதுக்குள்ள பாடலைன்னா குடுத்துருவோம்" என்றேன்.

தாத்தாவுக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல நான் ஈயம் பற்ற வைத்தேன். அவர் சொன்ன முதல் பாடம்: "ஏலே, பிளக்கைப் புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்கும். கண்டென்சர் புடிச்சு வச்சிருக்கும், தொட்டுராத!" உள்ளே 250 வோல்ட் டிசி. ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தோம்.

உப்புக் காற்றில் வால்வு ஊசிகளில் பச்சை பிடித்திருந்தது. அதைச் சுரண்டினோம். மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டென்சர்களை எல்லாம் மாற்றினோம். அவை கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய், வால்வு பழுத்துவிடும், டிரான்ஸ்பார்மரும் எரிந்துவிடும். பில்டர் கண்டென்சரையும் மாற்றினோம். அது காய்ந்துபோனால் 'உம்' என்று இரைச்சல்தான் வரும்.

ரெக்டிபையர் வால்வை எடுத்துவிட்டு டயோடு போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம். டயோடு போட்டா மத்த வால்வு சூடாகுறதுக்குள்ள முழு வோல்டேஜும் பாஞ்சிரும். வோல்டேஜும் கூடிரும். அது மெதுவா முழிக்கட்டும்" என்றார் தாத்தா.

ஒரே ஒரு மாற்றம் செய்தோம். கிராமபோன் பிளேயருக்கென்று பின்னால் இருந்த துளைகளில், இரண்டு ரெசிஸ்டர் போட்டு செல்போன் ஒயர் கொடுத்தோம். எங்கள் ரேடியோவில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் உண்டு, அதனால் முடிந்தது. டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோ என்றால் தகட்டிலேயே கரண்டு இருக்கும். அதில் செல்போனைக் கோர்ப்பது உயிருக்கே ஆபத்து!

முதலில் 60 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தோம். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாகவே எரியும். எங்கள் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. அப்பாடா! வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. செல்போன் பாட்டு கணீரென்று வந்தது.

அன்று ராத்திரி தாத்தா மீடியம் வேவ் திருப்பினார். ஒரே கரகரப்பு. எல்இடி லைட், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தோம். இருட்டில் டயல் வெளிச்சம் மட்டும். தூரத்தில் ஒரு மனிதக் குரல் கேட்டது. என்ன பேசினார் என்று புரியவில்லை. தாத்தா காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

மறுவாரம் வியாபாரி வந்தார். "அது ஓடுதுங்க, குடுக்கிறதுக்கில்ல" என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். பழைய இரும்புக்குப் போடும் முன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு