நிலமும் பள்ளியும்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் திபெத்தியத் துறவிகள் எங்கள் தேவராஜ மொஹல்லாக்காரர்களுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுடைய குடியிருப்பான பைலகுப்பே இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான்.

1960-களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் மாநில அரசு அங்கே ஏறத்தாழ 3000 ஏக்கர் காட்டு நிலத்தைத் திபெத்திய அகதிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பனிமலையில் வளர்ந்தவர்கள் காட்டைத் திருத்தி, இந்த வெயிலையும் பயிரை மிதித்த யானைகளையும் தாங்கி மக்காச்சோளம் விதைத்தார்கள். நோயில் பலரை இழந்தார்கள். ஆனாலும் காலூன்ற நிலம் இருந்தது, ஒன்றாக வாழ முடிந்தது, கூட்டுறவுச் சங்கம் இருந்தது. திபெத்தியப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கென்றே இந்திய அரசு 1961-இல் தனி நிர்வாகம் அமைத்தது. வந்தவர்களுக்குச் செய்யும் உதவி என்றால் இதுதான் என்பேன். கம்பளியும் அரிசியும் முதல் மாதத்துக்கு மட்டுமே.

தமிழ்நாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் நம் மொழியே பேசுபவர்கள். பல்லாயிரம் பேர் இன்னும் முகாம்களில்தான் இருக்கிறார்கள். 2021-இல் அவர்களுக்கு 7,469 புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் முகாமிலேயே பிறந்து பட்டம் பெற்ற பிள்ளைகளில் மிகப் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. அதனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. தமிழ்நாட்டில் கம்பெனி, கடை நடத்தும் நண்பர்களே, உங்கள் ஊர் முகாமில் படித்து முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் கேளுங்கள், வேலை கொடுங்கள்.