பட்டியலில் இல்லாதவர்

புனே அருகே போசரியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. ஊழியர்களைக் குடும்பத்தோடு லோனாவாலாவுக்குப் பிக்னிக் அழைத்துப் போகும் பொறுப்பு பர்சனல் ஆபீசருடையது. இரண்டு பஸ், காலையில் போஹா, மதியம் பூரி, ஸ்ரீகண்ட். மழைக்காலம் வேண்டவே வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பூஷி அணை அருகே 2024 ஜூன் 30 அன்று ஒரே குடும்பத்தினர் ஐந்து பேரை அருவி அடித்துச் சென்றதைப் புனேவில் யார் மறப்பார்கள்? ஜனவரி என்று முடிவாயிற்று.

முதல் சிக்கல், கிழமை. அங்கே பல ஆலைகளைப் போல இதற்கும் வியாழன்தான் விடுமுறை, பள்ளிகளுக்கோ ஞாயிறு. குழந்தைகள் இல்லாமல் என்ன குடும்பச் சுற்றுலா? முதலாளி ஞாயிறுக்கு இசைந்தார், பதிலுக்கு வியாழக்கிழமை வேலை என்ற நிபந்தனையோடு.

அடுத்தது படிவம். 'மனைவி, இரு குழந்தைகள்' என்று அச்சாகியிருந்தது. கல்யாணமாகாத லேத் ஆபரேட்டர் ஒருவர் அதை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதித் தந்தார். சேர்த்தாயிற்று.

"சாப், எங்களுக்கும் ஃபார்ம் உண்டா?" பாத்திரங்களை ஏற்றி இறக்க வரச் சொல்லியிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி கேட்டபோதுதான் ஆபீசர் திணறினார். எட்டு வருடமாக அதே ஷெட்டில் வேலை பார்ப்பவர். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் மட்டும் இல்லை. கான்ட்ராக்டர் கைவிரித்தார். வருடாவருடம் தரும் டிபன் கேரியரை ஒருமுறை நிறுத்தினால் மூன்றாவது பஸ் பிடிக்கலாம். யூனியனிடம் கேட்டுப் பார்த்தார். டிபன் கேரியர் கட்டாயம் வேண்டுமாம்.

கடைசியில் 'சமையல் உதவி' என்ற தலைப்பில் அந்தத் தொழிலாளியின் பெயரை எழுதிக்கொண்டார். அந்தத் தலைப்பில் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கட்டம் கிடையாது.