சும்மாதான் போறோம்!

"ஏய்யா, ரெண்டு பேரும் ராமேஸ்வரமா? யாருக்குத் திதி?"

விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டார். "திதியெல்லாம் இல்ல பெரியம்மா. சும்மாதான் போறோம்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்களே அதுவரை அங்கே சும்மா போனதில்லை. முதல் தடவை 2003-ல் போனோம். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை என்று நாகப் பிரதிஷ்டை செய்யப் போனது. 2008-ல் மறுபடியும் அதே வேண்டுதல். 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றாள் என் மனைவி. மூன்றாவது தடவை அம்மாவின் அஸ்தியோடு போனோம். மூன்று தடவையும் அழுதுவிட்டுத்தான் திரும்பினோம்.

குழந்தை பிறக்கவில்லை. இப்போது எனக்கு 54, அவளுக்கு 49. கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம். இந்தப் பங்குனியில் உளுந்து, பாசியெல்லாம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் ராத்திரி அவளே சொன்னாள்: "ஏங்க, ஒரு தடவை ஒண்ணும் கேக்காம போய்ட்டு வருவமா? வண்டியிலேயே போவோம்."

ஓட்டப்பிடாரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். என் ஸ்பிளெண்டருக்கு வயசு பதினாறு. நாற்பதுக்கு மேல் விரட்டுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டோம். ரெண்டு ஹெல்மெட், ஒரு தண்ணீர்க் கேன், தூக்குவாளியில் புளிச்சோறு. குறுக்குச்சாலையில் நான்குவழிச் சாலையைத் தாண்டி, கிழக்கே போய், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம்.

கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. 1872-ல் பிறந்த ஊர் எங்களுடையது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கே கப்பல் விட்டவர் அவர். ஆனால் எங்களுக்கோ வானம் பார்த்த கரிசல்காடுதான் உலகம். கறுப்பு மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, உப்பளம் வந்து, வேம்பார் பக்கம் பனைமரமாக நிற்க ஆரம்பித்ததும் காற்றே மாறிவிட்டது. சாயல்குடிக்கு முன்னால் சாலையோரம் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார் ஒரு பனையேறி அண்ணாச்சி. "எங்க, கோயிலுக்கா?" என்றார். "ஊரு சுத்த" என்றாள் இவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் என்று நின்று நின்று போய், பாம்பன் பாலத்தில் ஏறும்போது மதியம் தாண்டிவிட்டது. 1988-ல் திறந்த சாலைப் பாலம் இது. இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பக்கத்திலேயே புது ரயில் பாலம். 1914-ல் வந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"இவ்ளோ பெரிய கடலா இது!" என்றாள்.

"மூணு தடவ வந்திருக்கியே?"

"அப்பல்லாம் பஸ்ல கண்ண மூடி சாமி கும்பிட்டுக்கிட்டே வந்தேன்."

சாயங்காலம் அக்னி தீர்த்தக் கரை ஒரே திருவிழாவாக இருந்தது. இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லாப் பேச்சும் கேட்டது. ஈரத்துணியோடு ஓடும் பிள்ளைகள், சுண்டல், சுக்குக் காபி, சங்குக் கடைகள். இதே கரையில்தான் முன்பு அழுதோம். அப்போதும் இந்தக் கடைகளெல்லாம் இருந்திருக்கும்தானே?

ஒரு கடையில் சங்கில் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெண் கூப்பிட்டார்: "வாங்கக்கா, பிள்ளைங்க பேரு சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்விக்காகவே கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காராதவள் அவள். கையைப் பிடித்து நகர்த்தப் பார்த்தேன். அவள் நகரவில்லை. "பிள்ளைங்க இல்லம்மா. எங்க பேரு எழுது" என்றாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, என் பெயரையும் சொன்னாள்.

எங்கள் ஊரில் புருஷன் பெயரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். 28 வருஷத்தில் அவள் வாயால் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை தனுஷ்கோடி. அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் கிடையாது, ஊரிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அரிச்சல்முனைவரை 2017-ல் திறந்த சாலை. ரெண்டு பக்கமும் கடல். ஒருபக்கத்தைப் பெண்கடல் என்கிறார்கள், அமைதியானது. மறுபக்கம் ஆண்கடல், சதா அடித்துக்கொண்டே இருக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த ரயிலும் போன இடம். கூரையில்லாத தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். புயல் தின்ற ஊரில் அடுப்பு எரிவதை இவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ரெண்டு மீன் வாங்குங்க" என்றாள்.

கோயிலுக்கும் போனோம். மூன்றாம் பிரகாரத்தை நிதானமாகச் சுற்றி வந்தோம். தீர்த்தமாடவில்லை. சன்னதியில் கைகூப்பி நின்றாள். வெளியே வந்ததும், "நல்லாருக்கியாப்பான்னு மட்டும் கேட்டேன்" என்றாள்.

ஊர் திரும்பியதும் பெரியம்மா திண்ணையிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன தாயி வேண்டிக்கிட்டீக?"

"ஒண்ணும் வேண்டிக்கலை பெரியம்மா. பாத்துட்டு வந்தோம். நீங்களும் வாரீகளா, அடுத்த தடவை பஸ்ஸுல போவோம்?"

பெரியம்மா கொஞ்சநேரம் யோசித்தார். "சும்மாவா?" என்றார்.