சில்லறை மாற்றிய இடம்

சென்ற தவக்காலத்தில் நம் பங்கின் அன்பியக் கூட்டமொன்றை நடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பொருள்: குடிப்பழக்கம். "காண், சீர்தூக்கு, செயலாற்று" என்னும் முறை வாசகர்க்குப் புதிதன்று. பெல்ஜிய நாட்டுக் குரு கார்டைன் இளந்தொழிலாளரிடையே வளர்த்த இம்முறையை, திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் 'மாத்தேர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில் பரிந்துரைத்தார். நாமோ முதற்படி ஏறுமுன்னரே மூன்றாம் படிக்குரிய உறுதிமொழித் தாள்களைப் பையில் கொண்டு சென்றோம்!

"ஏன் குடிக்கின்றனர்?" என வினவினோம். தீய நட்பு, செபமின்மை, சாத்தானின் சோதனை எனப் பழகிய விடைகளே வந்தன. "அதற்கும் காரணம் என்ன?" என்றோம். நெடுநேரம் மௌனம். அதனை நம் சொற்களால் நிரப்பாதிருக்கப் பெரிதும் பாடுபட்டோம்.

கடைசி வரிசையிலிருந்து சித்தாள் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், "சனிக்கிழமை நாலு பேர் கூலியையும் ஒருத்தர் கையில 500 ரூபாய் நோட்டாத் தர்றாங்க. பிரிச்சுக்கச் சில்லறை வேணுமே! இருட்டினப்புறம் மதுக்கடையிலதான் மாத்துறாங்க" என்றார்.

கூலி தரும் மேஸ்திரி அங்கேயே அமர்ந்திருந்தார். திருவிழாவுக்கு முன்னின்று கொடை தருபவர். அனைவரும் தரையை நோக்கினர். நாமும் அஞ்சினோம் என்பதை மறைப்பானேன்? பின்னர் அவரிடமே, "ஏன் அப்படி, ஐயா?" என்றோம். வீடு கட்டுவோர் பொழுது சாய்ந்த பின்பே, அதுவும் பெரிய நோட்டுகளாகவே தருவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் வங்கியில் முன்னரே சில்லறை மாற்றி, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே கூலி தந்தார். இரு வீடுகளில் இப்போது சனி இரவே அரிசி வந்துவிடுகிறதாம். மூன்றாம் வீட்டில் மாற்றமில்லை. அங்கே காரணம் வேறாயிருக்க வேண்டும். உறுதிமொழித் தாள்கள் இன்னும் பையிலேயே உள்ளன.