இடக்கரடக்கல்

முதலாண்டு மாணவர்களுக்கு நன்னூல் நடத்தும்போது தகுதி வழக்கு வரும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று. பின் இரண்டுக்கும் மாணவர்கள் தாங்களாகவே எடுத்துக்காட்டுச் சொல்லிவிடுவார்கள். இடக்கரடக்கல் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழும். 'கால் கழுவி வந்தேன்' என்ற வழக்கமான உதாரணத்தைச் சொல்லிவிட்டு, தொல்காப்பியரிடம் போவேன். ஆப்பி என்ற சொல்லுக்குப் புணர்ச்சி விதி சொல்ல வந்த இடத்தில்கூட, பின்பாதிச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமல் அதன் மெய்யையும் உயிரையும் தனித்தனியே சுட்டிவிட்டு அவர் நகர்ந்துபோகும் நயத்தை விளக்குவேன். சொல்லக் கூசுவதைக் கூசாத சொல்லால் சொல்வது ஒரு சமூகத்தின் நாகரிக முதிர்ச்சி என்று வகுப்பை முடிப்பேன். இருபது ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

சென்ற ஆண்டு புரட்டாசியில் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தேன். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. எழுபத்திரண்டு வயது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.4 என்று வந்தது. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தமும் பெரிதாக இல்லை. வயிற்றை ஸ்கேன் எடுத்த இளம் மருத்துவர், கருவியை விலாவுக்குக் கீழே வைத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சிறுநீரகங்களும் நீர் தேங்கி வீங்கியிருந்தன. அங்கிருந்து நீர்ப்பைக்கு வரும் குழாய்களும் கடைசிவரை விரிந்திருந்தன. கல் எதுவும் இல்லை. "அம்மா, கீழே ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லயே" என்றாள் அம்மா. அவர் அறிக்கையில் ஏதோ எழுதிவிட்டு, பெண்கள் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். சிறுநீரகத்துக்கு எதற்குப் பெண்கள் மருத்துவர் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த மருத்துவரும் கண்ணியமானவர். "மறைவிடத்தில் ஏதாவது இறங்கின மாதிரி இருக்கா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "அப்பப்ப இருக்கும், மூணு நாலு மாசமா" என்றாள். என்னைத் திரைக்கு வெளியே அனுப்பினார்கள். திரை என்பது துணிதானே. உள்ளே செவிலியர் ஒருவர், எங்கள் பக்கத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், "ஆச்சி, அடி எறங்கிருக்கா?" என்று உரக்கக் கேட்டது எனக்குக் கேட்டது. அதன் பிறகு கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல்: "ஆமா தாயி. பதினாலு வருசமாச்சு."

அதன்பின் அவள் நிறுத்தவே இல்லை. நடந்தால் தொடையில் தட்டும் என்றாள். உட்கார்ந்து எழுந்தால் வெளியே வந்துவிடும். கையால் உள்ளே தள்ளிக்கொண்டால்தான் ஒன்றுக்குப் போகும். இரண்டுக்குப் போவதற்கும் விரலால் அழுத்திக்கொடுக்க வேண்டும். பழைய நூல்சேலையைக் கிழித்து மடித்துக் கச்சை போலக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு ஆண்டுகள் என்றால், அப்பா இறந்த மறு ஆண்டு. அதற்குப் பிறகுதான் அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். என் வீட்டில் நான்கு நாள் சேர்ந்தாற்போலத் தங்கமாட்டாள், டவுன் தண்ணீர் சேரவில்லை என்பாள். தனிமையில் பிடிப்பு வந்துவிட்டது, வயதின் கனிவு என்று நான் அதற்கு ஒரு பொருள் கண்டு, ஒருமுறை கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை இப்போது படிக்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இடுப்பு எலும்பின் கீழ்வாயை ஒரு தசைவிரிப்பு தூளிபோலத் தாங்குகிறது. அதன் மேல் முன்னால் நீர்ப்பை, நடுவில் கருப்பை, பின்னால் மலக்குடல். பிரசவங்களில் விரிப்பு நைந்துபோகிறது. பிறகு சுமையும், முக்கலும், இருமலும், வயதும். கருப்பை முழுக்க இறங்கும்போது நீர்ப்பையையும் கூடவே இழுத்துவருகிறது. மேலிருந்து வரும் இரண்டு குழாய்களும் வளைந்து நெரிபடுகின்றன. நீர் போக வழியில்லாமல் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் போய் முடிந்திருக்கும் என்றார்.

உடனே அறுவை செய்யவில்லை. முதலில் வளையம் வைத்தார்கள். உள்ளே தள்ளிய கருப்பை மீண்டும் இறங்காமல் தாங்கும் ஒரு சாதாரண வளையம். (பழைய கிரேக்க மருத்துவத்தில் இதற்குப் பாதி மாதுளம்பழத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.) இரண்டு அளவுகள் நழுவி விழுந்தன, மூன்றாவது நின்றது. மூன்று வாரத்தில் கால் வீக்கம் வடிந்து, கிரியேட்டினின் 1.5க்கு வந்தது. ஒரு வளையம் செய்த வேலை! ஆனால் அதுவும் நிலைக்காது, அறுவைதான் வழி என்று ஆயிற்று. அதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். பின்பக்கம் புடைத்து வருவது மலக்குடலா, சிறுகுடலும் சேர்ந்து இறங்குகிறதா என்பது கையால் பார்த்தால் எப்போதும் தெளிவாகத் தெரியாதாம். எது என்பதைப் பொறுத்து அறுவையின் முறையே மாறும்.

இது சாதாரண எம்.ஆர்.ஐ. அல்ல. படத்தில் தெரிவதற்காக மலக்குடலுக்குள் ஒரு கூழை ஏற்றுகிறார்கள். பிறகு குழாய்போன்ற அந்த இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, இறுக்கச் சொல்கிறார்கள், முக்கச் சொல்கிறார்கள், கடைசியில் அந்தக் கூழை அங்கேயே வெளியேற்றச் சொல்கிறார்கள். அதெல்லாம் நடக்க நடக்க, உறுப்புகள் எங்கே இறங்குகின்றன என்பது அடுத்தடுத்த படங்களாகப் பதிவாகிறது. இரத்தத்தில் மருந்து ஏற்ற வேண்டியதில்லை என்பதால் சிறுநீரகம் தளர்ந்திருந்த அம்மாவுக்கும் செய்ய முடிந்தது. என் மனைவி உடன் போனாள். நான் வெளியே பெஞ்சில், சுவரைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் விடியுமுன் எழுந்து இருட்டோடு காட்டுக்குப் போய்த் திரும்பிய தலைமுறை. அவளிடம் போய், படுத்தபடி, பிறர் பார்க்க, படம் எடுக்க! முதல் மூன்று முறையும் அவளால் முடியவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள். "யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டோம் ஆச்சி, இதுக்குத்தான் வந்திருக்கோம்" என்று ஒலிவாங்கியில் அந்தப் பணியாளர் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். நான்காவது முறை அம்மா கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டாள்.

படத்தை விளக்க என்னை உள்ளே அழைத்தார்கள். போகத் தயங்கினேன். முன்பக்க எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டு வரை ஒரு கோடு போட்டிருந்தார் மருத்துவர். அந்தக் கோட்டுக்குக் கீழே எது எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. சாம்பல் நிறத்தில் எல்லாம் மெல்ல நழுவிக் கீழே வருவதைப் பார்த்தேன். சிறுகுடலும் வந்தது. பிறகு வேறொரு கோணத்தில் ஒரு படம். லாட வடிவில் ஒரு தசை. இடது கை எலும்பில் பற்றியிருந்தது. வலது கை எதையும் பற்றவில்லை. "இது எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறது. ரொம்பப் பழைய கிழிசல். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

நான்கு பிள்ளைகளில் நான் கடைசி. மற்ற மூவரும் வீட்டில் பிறந்தவர்கள். எனக்கு மட்டும் ஒன்றரை நாள் வலி எடுத்து, மருத்துவச்சி கைவிட்டு, வண்டி கட்டித் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆயுதம் போட்டு எடுத்தார்கள். இது எங்கள் வீட்டில் பெருமைக் கதை. நெற்றியோரம் உள்ள தழும்பை அத்தைமார் விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். எனக்கான அடையாளம் என் நெற்றியில் இருந்தது. அம்மாவுக்கானது எங்கே இருந்தது என்று அன்றுதான் பார்த்தேன். நான்கு பிரசவம், தண்ணீர்க்குடம், வயல்வேலை, எல்லாம் சேர்ந்துதான், ஒன்றை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் சொன்னது மருத்துவப்படி சரிதான்.

பரிசோதனையின்போது திரைக்கு உள்ளிருந்து, "சிம்ஸ் எடு" என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டிருந்தேன். வாத்து அலகு போல இருபுறமும் வளைந்த ஓர் எஃகுக் கருவி. யார் அந்த சிம்ஸ் என்று தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். ஜே. மேரியன் சிம்ஸ் அமெரிக்க மருத்துவர். 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மாண்ட்கோமரியில், பிரசவத்தில் நீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே ஓட்டை விழுந்து ஓயாமல் சிறுநீர் கசிந்துகொண்டிருந்த அடிமைப் பெண்கள்மேல் அறுவை செய்து பழகினார். மயக்க மருந்து இல்லாமல். அனார்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெயர்கள் அவர் எழுதிவைத்ததால் மிஞ்சியிருக்கின்றன. அனார்காவுக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது அறுவைகள். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலையை 2018இல் எடுத்துவிட்டார்கள். கருவிக்கு அவர் பெயர்தான் இன்றும் இருக்கிறது. சிம்ஸ் செய்தது தவறு, கருவி நல்லது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவிக்கு அனார்கா என்று பெயரிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

தேடலில் கிடைத்த இன்னொன்று வலை. இறங்கிய உறுப்புகளைத் தாங்கப் பிறப்புவழியாகப் பிளாஸ்டிக் வலையை வைத்துத் தைக்கும் முறை 2000களில் மேலைநாடுகளில் வேகமாகப் பரவியது. சிலருக்கு வலை சதையை அரித்து வெளியே வந்தது, தீராத வலி தந்தது. அந்தப் பெண்கள் சொன்னதை வெகுகாலம் யாரும் காதில் வாங்கவில்லை. 2018இல் இங்கிலாந்தில் அதை நிறுத்திவைத்தார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இறக்கத்துக்காகப் பிறப்புவழியே வைக்கும் வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. இதைப் படித்த பதற்றத்தில் எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். வலை கிடையாது, அம்மாவின் சொந்தத் தசையையும் இடுப்பின் உறுதியான நாரையும் வைத்தே தைக்கப்போகிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு வியப்பு. இறக்கத்தால் நீர்வழி மடங்கிக் கிடப்பதால் கசிவு இருந்தாலும் இப்போது தெரியாது. எல்லாவற்றையும் சரியாக ஏற்றிவைத்த பிறகு, மறைந்திருந்த கசிவு வெளிப்படலாம். ஒரு குறை இன்னொரு குறையை மறைத்து நிற்பதும் உண்டாம். நீர்ப்பையை நிரப்பி இருமச் சொல்லிச் சோதித்தார்கள். அம்மாவுக்கு அப்படி இல்லை.

அறுவைக்கு முதல்நாள் மாலை ஒப்புதல் படிவம் வந்தது. தமிழில்தான் இருந்தது. அம்மா மூன்றாம் வகுப்பு. "நீங்க தமிழ் வாத்தியார்தானே சார், வாசிச்சுக் காட்டிட்டு ரேகை வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் போய்விட்டார். நான் வாசித்தேன். 'யோனி வழிக் கருப்பை நீக்கம்' என்ற இடத்தில் குரல் தட்டியது. மேடைகளில் எத்தனையோ சொற்களை உரையாசிரியர்களின் துணையோடு கூசாமல் சொன்னவன் நான். ஒருமுறை விழுங்கிவிட்டு வாசித்தேன்.

"அப்படின்னா என்னய்யா?" என்றாள் அம்மா.

வடசொல், அவளுக்கு விளங்கவில்லை. நான் படித்த எந்த வழக்கிலும் அதற்கு அப்போது சொல் அகப்படவில்லை. "நான் பொறந்தேன்ல, அந்த வழியா எடுக்கப்போறாங்கம்மா. வயித்தக் கிழிக்கமாட்டாங்க" என்றேன்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்று சொல்லிவிட்டு அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

முதுகில் ஊசி போட்டு இரண்டு மணி நேரத்துக்குமேல் நடந்தது. பிழையில்லாமல் முடிந்தது. அதைவிட நீளமாக இருந்தது இரண்டாம் நாள், சிறுநீர்க்குழாயை எடுத்த பிறகான மூன்று மணி நேரம். தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி குழாய். செவிலியர் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். பிறகு கதவு திறந்து, அளவுக்குவளையைத் தூக்கிப் பிடித்தபடி என் மனைவி, "முந்நூறு மில்லி!" என்றாள். எதிரே வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். நாற்பதுதான். அன்று மாலை தங்கையிடம் தொலைபேசியில் அம்மா அந்த எண்ணிக்கையையும், எந்த மறைப்பும் இல்லாத ஊர்ச்சொல்லையும் சேர்த்து, வார்டே கேட்கச் சொன்னாள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, எம்பேரப் போடாத" என்றாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிப் பேருந்தில் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினாள். பதினான்கு ஆண்டுகளில் அவள் தனியாகப் பேருந்தில் வந்தது அதுதான் முதல்முறை. சரியாகச் சொன்னால் தனியாக அல்ல. பின்னால் ஊர்ப் பெண்கள் இருவர் நின்றார்கள். ஒருத்தி என் பள்ளித்தோழனின் அம்மா. இன்னொருத்திக்கு என் வயதுதான் இருக்கும். இருவரும் என்னைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் அடி எறங்கிருக்கு" என்றாள் அம்மா. "அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கெழம இருப்பாங்களா, கேளு."