ஐம்பதா, இருபத்துநாலா?

எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி புனே வரைக்கும் வருவது இனிமேல் தன்னால் ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். பேத்தியைப் பார்ப்பது செல்பேசிக்கு வரும் படங்களில்தான். அதில் அவருக்கு ஒரே ஒரு குறை. "ஏய்யா, பிள்ள மொகத்தக் காட்டுய்யா. சும்மா செவத்தையும் சோபாவையும் எடுத்து அனுப்புத."

நான் ஹிஞ்சவடியில் பொட்டி தட்டுகிறவன். வீடு வந்து சேர ராத்திரி எட்டு மணி ஆகும். போன வருடம் மிரர்லெஸ்ஸுக்கு மாறிய அலுவலக நண்பர் ஒருவர் தன் பழைய கேனன் டி.எஸ்.எல்.ஆரை 18-55 கிட் லென்ஸோடு என் தலையில் கட்டினார். பகலில் அருமையாகத்தான் எடுக்கிறது. ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒரு இடத்தில் நிற்குமா? பத்துக்கு ஏழு படம் ஆட்டம் கண்டுவிடும். ஃபிளாஷ் போட்டால் பேய் முழி.

காரணம் எளிது. அந்த கிட் லென்ஸ் 55 மி.மீ.-ல் எஃப் 5.6 வரைக்கும்தான் திறக்கும். ஒரு 50 மி.மீ. பிரைம் லென்ஸை எஃப் 2-ல் வைத்தால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் 1/15 நொடி கேட்ட இடத்தில் 1/125 போதும். குதிக்கிற பிள்ளையும் ஓரளவுக்கு நின்றுவிடும்.

தங்கமணியிடம் பட்ஜெட் மனு போட்டேன். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இது ஜூம் கூட ஆகாதுங்கறீங்க. அதுக்குக் காசு வேறயா?" நியாயமான கேள்விதான். வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்போம் என்று கிட் லென்ஸில் செல்லோடேப் ஒட்டி ஒரு வாரம் 50-லேயும், அடுத்த வாரம் 24-லேயும் வைத்து மட்டும் எடுத்தேன். பைசா செலவில்லாத இந்தச் சோதனையை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

எனக்குப் போட்டி இரண்டு லென்ஸுக்கு நடுவில். ஒன்று 2015-ல் வந்த கேனன் இ.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். இன்னொன்று 2014-ல் வந்த இ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம்., தட்டையாக இட்லி மாதிரி இருக்கும். எங்கள் ஹால் பத்தடிக்குப் பதினாலடி. கேமராவின் சென்ஸார் சிறியது என்பதால் 50 என்பது பழைய பிலிம் கணக்கில் 80 ஆகிவிடும். நிற்கிற பெரிய ஆளை முழு உயரத்துக்கு எடுக்கக் கேமராவைத் திருப்பிப் பிடித்தாலும் பன்னிரண்டரை அடி தள்ளிப் போக வேண்டும். முதுகு சுவரில் முட்டும், பால்கனிக் கதவைத் திறக்க வேண்டும். 24-க்கு ஆறடி போதும்.

அப்படியானால் 24தானே? அங்கேதான் இடிக்கிறது. 24 மி.மீ. வாக்கில் கிட் லென்ஸே எஃப் 4 வரைக்கும் திறக்கும். எஃப் 2.8-க்குப் போனால் கிடைப்பது வெறும் இரண்டு மடங்கு வெளிச்சம். அதற்காக ஒரு லென்ஸா என்று தோன்றியது. அம்மா கேட்பதும் முழு உயரம் இல்லையே, முகம்தானே! உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் தலை முதல் மடி வரை எடுக்க 50-க்கு ஆறரை அடி இருந்தால் ஆயிற்று. எங்கள் ஹாலில் அது தாராளம். ஐம்பதே முடிவானது.

ஐயாயிரத்துச் சொச்சத்துக்குப் பழையது ஒன்று கிடைத்தது. விற்றவர் 1990-லிருந்து வந்துகொண்டிருந்த பழைய "II" மாடலைத்தான் முதலில் காட்டினார், அது இன்னும் மலிவு. ஆனால் அதன் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். 45 செ.மீ.-க்குக் கிட்டே போக முடியாது, ஃபோகஸ் ஆகும்போது சத்தமும் அதிகம். எஸ்.டி.எம்.-ல் வளையம் உலோகம், 35 செ.மீ. வரை நெருங்கலாம்.

முதல் படம் அம்மாவுக்குப் போனது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ல் எடுத்தது. பத்து நிமிடத்தில் போன். "நல்லாருக்குய்யா. ஆனா பிள்ளைக்கு ஒரு கண்ணு தெளிவா இருக்கு, இன்னொரு கண்ணு ஏன் மங்கலா இருக்கு? டாக்டர்ட்ட காட்டுனியா?" அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மூன்று செ.மீ. கூட இல்லை, பிள்ளை முகத்தைத் திருப்பி வைத்திருந்ததால் ஒரு கண் அதற்கு வெளியே போய்விட்டது. இதை போனில் எப்படிச் சொல்வது! கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று வீடியோ காலில் காட்டிய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. இப்போதெல்லாம் ஆச்சிக்கு அனுப்புகிற படம் எஃப் 2.8, இரண்டு மீட்டர் தூரம்.

வெளியிலேயும் இது நல்ல லென்ஸ். ஜேஷ்ட மாதத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பல்லக்குகள் புனேக்குள் வரும்போது, தலையில் துளசி மாடத்தோடு நடந்து வரும் வார்கரிப் பெண்களின் முகங்களுக்கு இதற்கு மேல் வேண்டாம். ஆனால் கணபதி விசர்ஜனத்தன்று லட்சுமி ரோட்டில் இதை நம்பிப் போகாதீர்கள். டோல்-தாஷா கூட்டத்தில் பின்னால் நகர இடமேது? செல்பேசிதான் கை கொடுக்கும்.

நிக்கான் வைத்திருக்கிறவர்களுக்கு 2009-ல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8ஜி டி.எக்ஸ். இருக்கிறது. வீட்டுக்குள் எடுக்க அது என் ஐம்பதைவிடத் தோதான நீளம். சொல்லப்போனால் கொஞ்சம் பொறாமைதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 1.8டி-யை மட்டும் விசாரிக்காமல் எடுக்காதீர்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் திருக வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி இருந்தால் பூஞ்சை, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். புனே மழையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் அலமாரித் துணியே பூக்கும். நான் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். அது போன தீபாவளி வரைக்கும் முறுக்கு டப்பா. தங்கமணி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.