கயிறில்லா விளக்கு

'விளக்கு' என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கும். ஏவல் வினையாகவும் நிற்கும். இருளை நீக்கும் பொருளும் விளக்கு. புரியாததைப் புரியவைக்குமாறு ஆசிரியர் மாணவர்க்கு இடும் கட்டளையும் விளக்கு. வினாத்தாள்களில் இரண்டாவது பொருளிலேயே இச்சொல்லை மிகுதியும் ஆண்டுவந்த எமக்கு, முதற்பொருளில் அமைந்த விளக்கொன்று சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஒரு பாடம் நடத்திவிட்டது. அப்பாடத்தை இம்மலர் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் ஊர்ப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எம் அத்தா கொல்லிமலையில் மிளகு வணிகம் செய்தவர். சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழ் மலையாளிப் பழங்குடி மக்களிடம் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்புவார். செம்மேட்டுக்கு அருகே அவர் கட்டிய ஓட்டு வீட்டில் எம் அன்னையார் இன்றும் வாழ்கின்றார். அத்தா வஃபாத்தான பின்னர், "எங்களோடு கீழே வந்துவிடுங்களம்மா" என்று எத்தனையோ முறை வேண்டினோம். "இந்தக் காத்தை விட்டுட்டு எங்கே வர்றது தம்பி?" என்பதே மறுமொழி. ஈராண்டுகளுக்கு முன் இதயத் துடிப்பு மிகத் தாழ்ந்தமையால் சேலத்தில் அவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தினர். அதன் பின்னரும் மலையை விட்டு இறங்க மனங்கொண்டாரில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் துணையிருக்க, அவர் தம் போக்கில் வாழ்ந்து வருகின்றார்.

தனித்திருக்கும் தாய்க்குப் பெருநாள் பரிசாக எதைக் கொண்டு செல்வது? புடைவை வேண்டாம் என்பார், இனிப்பு ஆகாது. சென்னைக்குத் தேர்வுத்தாள் திருத்தும் பணிக்காகச் சென்றிருந்தபோது, வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையொன்றில் அந்தரத்தில் மிதக்கும் விளக்குகளைக் கண்டோம். உடன் வந்த எம் மகள், மேல்நிலை இரண்டாமாண்டில் அறிவியல் பயில்பவள், கடையை விட்டு நகர மறுத்தாள். மேசைமேல் மூன்று வகை இருந்தன. ஒன்று, மரப்பீடத்தின்மேல் மிதக்கும் கண்ணாடிக் குமிழ். மற்றொன்று, சிறு செடி நட்ட தொட்டி. மூன்றாவது, மேடுபள்ளங்களோடு அச்சிடப்பெற்ற நிலவுருண்டை.

தேர்ந்தெடுப்பதில் யாம் காட்டிய கருத்தைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடிக் குமிழ் தவறி விழுந்தால் உடையும் என்று விலக்கினோம். செடிக்கு நீரூற்றுங்கால் மின்கருவி நனையும் என்று தொட்டியை விலக்கினோம். நிலவோ நெகிழியால் ஆயது, எடை குறைவு, விழுந்தாலும் உடையாது. வெள்ளொளி வேண்டா, வயதான கண்ணுக்கு இதமான மஞ்சளொளியே வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். நிலவைத் தேர மகள் சொன்ன காரணம் வேறு. "நம்ம மாவட்டத்து மண்ணுதான் நிலா மண்ணு மாதிரியே இருக்குதாம் அத்தா" என்றாள். அவள் சொன்னது உண்மை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதனைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் சோதித்துப் பார்த்தனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது எம் மாவட்டத்து மண்ணுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. இத்தனை பொருத்தமும் வாய்த்தபின் விலை பேசுவானேன்? ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாகக் கொடுத்து வாங்கினோம்.

நிற்க. பொருளைக் காந்தத்தால் மிதக்கவைக்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் அரசி அர்சினோவேக்கு எழுப்பத் தொடங்கிய கோயிலில், காந்தக்கல்லால் விதானம் அமைத்து அவளது இரும்புப் படிமத்தை அந்தரத்தில் நிறுத்தச் சிற்பி ஒருவன் முனைந்தான் என்றும், அது முடியுமுன் அவனும் அரசனும் மாண்டனர் என்றும் உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். இடைக்கால ஐரோப்பாவில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உடல் காந்தத்தால் அந்தரத்தில் தொங்குகின்றது என்றொரு கட்டுக்கதை நெடுங்காலம் உலவியது. அண்ணலார் மதீனாவில் மண்ணிலேயே அடங்கியுள்ளார்கள் என்பதை உலகறியும். வியப்பைக் கூட்டினால் பெருமை கூடும் என்று கருதுவோரும் உளர். வியப்பைக் காட்டிப் பழி தூற்றுவோரும் உளர். இரு சாராரும் மெய்ம்மையை விட்டு விலகியவரே.

நிலைக்காந்தங்களை எவ்வாறு அடுக்கினும், அவற்றை மட்டும் கொண்டு மற்றொரு காந்தத்தை அசையாது மிதக்கவைக்க இயலாது என்பதை 1842ஆம் ஆண்டில் சாமுவேல் எர்ன்ஷா என்னும் ஆங்கில அறிஞர் கணக்கியல் வழியே நிறுவினார். பின் இவ்விளக்கு எவ்வாறு மிதக்கின்றது? பீடத்தினுள் நிலைக்காந்த வளையத்தோடு மின்காந்தச் சுருள்களும் உணரிகளும் உள்ளன. உருண்டை சிறிது இடப்பக்கம் சாய்ந்தால் உணரி அதனை உடனே அறியும். சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும். உருண்டை மீண்டும் நடுவுக்கு வரும். இது நொடிதோறும் பன்முறை, ஓய்வின்றி, நிகழ்ந்துகொண்டேயிருக்கும். விளக்கு எரிவதற்கான மின்சாரமோ, 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் நெறியால் கம்பியின்றியே பீடத்திலிருந்து உருண்டைக்குச் செல்லும். குறைந்த மின்சாரத்தில் ஒளிரும் எல்.இ.டி. வந்த பின்னரே இது வீட்டுப் பொருளாயிற்று. சுவீடன் நாட்டிலிருந்து 'ஃப்ளைட்' என்னும் மிதக்கும் குமிழ் 2015இல் வெளிவந்து பெயர்பெற்றது. அதன்பின் பல வடிவங்கள் பெருகின. ஆக, அசையாது நிற்பதாக நாம் காணும் அது, கணந்தோறும் விழப்போய்க் கணந்தோறும் தாங்கப்படுவது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து யாம் வீடு சேர்ந்தபோது மாலை மயங்கிவிட்டது. பிறை தென்பட்ட செய்தி கிடைத்தது. மகரிபு தொழுகை முடிந்ததும் பெட்டியைப் பிரித்தோம். பீடம் சமதளத்தில் இருத்தல் வேண்டும். இரும்பு மேசை ஆகாது. எனவே அத்தா கணக்கெழுதிய பலாமரப் பெட்டியின்மேல் வைத்தோம். உருண்டையை இரு கைகளாலும் பிடித்து மேலிருந்து நேராக இறக்கவேண்டும். அவசரப்பட்டால் பீடத்தோடு 'பட்'டென்று ஒட்டிக்கொள்ளும். விரல் இடையில் அகப்பட்டால் நசுங்கும். ஆறு முறை தவறி, ஏழாம் முறை நின்றது. கையை விலக்கினோம். இரு விரற்கடை உயரத்தில் முழுநிலவு தனியே மிதந்தது.

"பிறை பார்த்த அன்னிக்கே முழு நிலாவைக் கொண்டாந்துட்டியே!" என்று அம்மா குழந்தைபோல் மகிழ்ந்தார். பின், "கயிறு எங்கே தம்பி?" என்று கேட்டார். இல்லையென்றதும் நம்பினாரில்லை. உருண்டைக்கு மேலே கையால் துழாவினார். கீழே காகிதம் ஒன்றை நுழைத்துப் பார்த்தார். கண் மங்கலாதலின் மேலும் குனிந்து, பெட்டியின்மேல் மார்பு படியுமளவு நெருங்கினார். அப்போதுதான், பெட்டியிலிருந்த ஆங்கிலத் துண்டுத்தாளைப் படித்துக்கொண்டிருந்த மகள் அலறினாள்: "ஐயோ, நன்னியைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க அத்தா! பேஸ்மேக்கர் வச்சிருக்கறவங்க கிட்டப் போகக்கூடாதாம்!"

எம் கைகள் அம்மாவின் தோள்களைப் பற்றி இழுத்த வேகத்தை எண்ணினால் இன்றும் நடுங்குகின்றோம். அவர் தடுமாறி நாற்காலியில் அமர்ந்தார். "என்னப்பா, என்ன?" என்றார். நாடியைப் பிடித்துப் பார்த்தோம். எமது நாடிதான் ஓடிக்கொண்டிருந்தது. இறையருளால் அவருக்கு யாதொரு தீங்குமில்லை.

அவ்விரவு எம் மனம் எம்மையே குற்றஞ்சாட்டியது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குப் பயின்ற நாளில் கொல்லிப்பாவை குறித்துக் கட்டுக்கட்டாகக் குறிப்பெடுத்தவர் யாம். இம்மலையைக் காக்க நிறுவப்பட்ட அப்பாவை, தன் சிரிப்பால் அருகே ஈர்த்து, நெருங்கினோரைக் கொல்லும் என்பது மரபு. காற்றாலும் மழையாலும் குலையாத அதன் எழிலை நற்றிணையில் பரணர் பாடியிருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கின்றோம். அத்தகைய ஒன்றை யாமே விலை கொடுத்து வாங்கி, அதன் மலைக்கே சுமந்து வந்து, பெற்ற தாயின் முன் வைத்தோம். உடையுமா என்று பார்த்தோம். நனையுமா என்று பார்த்தோம். ஒளி மஞ்சளா வெண்மையா என்று பார்த்தோம். யாருக்காக வாங்கினோமோ அவரை மட்டும் நினைத்துப் பார்த்தோமில்லை.

இரவு பத்து மணியளவில் கோடை மழை காற்றோடு வந்தது. மலையில் வழக்கமாக நிகழ்வதுபோல் மின்சாரம் நின்றது. மிதந்த நிலவு ஒளியிழந்து பீடத்தின்மேல் விழுந்து ஒருக்களித்துக் கிடந்தது. அம்மா எழுந்து, இருளில் தட்டுத்தடுமாறாமல், உத்தரத்துக் கயிற்றில் தொங்கிய அத்தாவின் அரிக்கேன் விளக்கை இறக்கித் திரியேற்றி மீண்டும் மாட்டினார். அக்கயிற்றின் முடிச்சு அத்தா போட்டது. அதன் ஒளியில் அமர்ந்து, வான்நிலவும் தாங்குவாரின்றி நிற்பதன்று என்பதை மகள் பாட்டிக்கு எடுத்துரைத்தாள்: புவி தன்பால் இழுக்க அது விழுந்துகொண்டேயிருக்கின்றது, பக்கவாட்டில் விரைந்துகொண்டும் இருப்பதால் நம்மேல் விழாமல் சுற்றிவருகின்றது. கண்ணுக்குத் தெரியாத தூண்கள் பற்றித் திருமறையின் 13ஆம் அத்தியாயம் சொல்லியிருப்பதை அம்மா நினைவுகூர்ந்தார். இருவரும் தத்தம் வழியில் ஒன்றையே பேசுவதாக எமக்குத் தோன்றியது.

பெருநாள் கழிந்ததும் சேலத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்று சோதித்தோம். கருவி பழுதின்றி இருந்தது. வலுவான காந்தம் மார்புக்கு மிக அருகில் வந்தால், பேஸ்மேக்கர் இதயத்தின் போக்கைக் கவனிப்பதை விட்டு ஒரே கதியில் துடிப்பூட்டும் நிலைக்கு மாறக்கூடும். காந்தம் விலகினால் பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும் என்று அவர் விளக்கினார். பொதுவாக 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருத்தல் வேண்டும் என்றும், இத்தகைய விளக்காயின் இன்னும் தள்ளியே இருப்பது நன்று என்றும் கூறினார். காதுக்கருவி அணிந்தோர், வங்கி அட்டை வைத்திருப்போர், முள் கைக்கடிகாரம் கட்டியோர் ஆகியோரும் எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்பதைத் துண்டுத்தாளிலிருந்து பின்னர் முழுமையாகப் படித்தறிந்தோம்.

விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தோம். அம்மா ஒப்பவில்லை. திண்ணையை அடுத்த முன்னறையில், யாரும் குனிந்து நெருங்கவியலாத உயரத்தில், மரப்பலகை ஒன்றை அறையச் சொன்னார். "அது அங்கேயே இருக்கட்டும். நான் தூரத்திலேருந்து பாத்துக்கறேன். நிலாவைப் பக்கத்துல போயா பாக்கறோம்?" என்றார். இன்று மாலைதோறும் பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் வந்து கயிற்றைத் தேடுகின்றனர். அம்மா நாற்காலியில் இருந்தபடியே, "கயிறு இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியாது" என்று அவர்களுக்குப் பாடம் சொல்கின்றாராம். அரிக்கேன் விளக்கு எண்ணெயோடு உத்தரத்திலேயே தொங்குகின்றது.

மாணவச் செல்வங்களே! புதுமைப் பொருள்களை வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. வாங்குங்கள், வீட்டை அழகு செய்யுங்கள். ஆனால் ஒன்றை வாங்குமுன் அதனோடு வாழப்போகின்றவர் யார் என்பதை முதலில் எண்ணுங்கள். துண்டுத்தாளை வீடு சேருமுன் படியுங்கள். நாமும் அந்த நிலவுருண்டை போன்றவர்களே. தனியே நிற்பதாகத் தோன்றும் ஒவ்வொரு மாணவரின் அடியிலும், ஓய்வின்றித் தாங்கும் தாயோ தந்தையோ ஆசிரியரோ உளர். மலைமேல் தனியே இருக்கும் எம் அன்னையாருக்கு யாம் தாங்கலாக இருப்பதாக இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். தாங்குபவர் யார், மிதப்பவர் யார் என்பது அன்றிரவு அரிக்கேன் வெளிச்சத்தில் எமக்கு விளங்கிற்று. தாங்கும் கைகளுக்கு வல்ல இறைவன் நீண்ட ஆயுளும் நலமும் அருள்வானாக! ஆமீன்.